நாலே கால் டீச்சர்

என் வகுப்புப் பிள்ளைகள் என்னை எவ்வளவு தூரம் துணையாக நினைக்கிறார்கள் என்று அளந்து பார்க்க மதுரைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். காரியாபட்டி வழியாக ஸ்கூட்டியிலேயே வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது வேர்வையும் கரிசல் புழுதியும் சேர்ந்து நெற்றியில் பட்டையாக ஒரு கோடு விழுந்திருந்தது.

அப்போது நான் திருச்சுழிக்குத் தெற்கே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஒன்பதும் பத்தும் என் வகுப்புகள். வீடு அருப்புக்கோட்டையில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருவேன்.

"சர்வேயா? கக்கூஸ் எத்தன இருக்கு, தண்ணி வருதா, அதானம்மா?" என்று தலைமையாசிரியர் அவளைக் கேட்டார்.

"அதில்ல சார். டீச்சருங்க நமக்குத் துணையா இருக்காங்கன்னு பசங்க எந்த அளவுக்கு நினைக்கிறாங்கன்னு பாக்குறேன்."

"அத என்னத்த வச்சு அளப்பீக? படியா, டேப்பா?"

ஆசிரியர்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் கூடச் சிரித்துவிட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்துக் காட்டினாள். 'என் ஆசிரியர் பாடத்தைப் புரியும்படி சொல்லித் தருகிறார்.' 'நான் பள்ளிக்கு வராவிட்டால் என் ஆசிரியர் விசாரிப்பார்.' 'எனக்கு ஒரு கஷ்டம் என்றால் என் ஆசிரியரிடம் சொல்ல முடியும்.' இப்படி வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'எப்போதும்' என்பதில் ஆரம்பித்து 'ஒருபோதும் இல்லை' என்பது வரைக்கும் வட்டங்கள். பிள்ளைகள் ஒரு வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். பெயர் எழுதக் கூடாது. எழுதும்போது ஆசிரியர்கள் வகுப்பில் இருக்கவும் கூடாது.

கடைசியில் சொன்னது எங்களுக்குச் சுருக்கென்றது. சமூக அறிவியல் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் மட்டும் பெரிய மனசோடு, "நல்லா எடுத்துக்கோங்க" என்று என் வகுப்பைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். எனக்கு என்ன பயம்? என் பாடத்தில் யாரும் பெயிலாகி வருஷக்கணக்காகிவிட்டது. பரிட்சை நேரத்தில் அட்டையும் பேனாவும் என் கைக்காசில் வாங்கிப் போடுவேன். செருப்பில்லாமல் வந்த பையனுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எல்லா வட்டமும் 'எப்போதும்' என்பதில்தான் விழும் என்று வேப்பமரத்தடியில் நின்று ஒரு சந்தோஷத்தோடு காத்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வழியே ஒரு பையன் கேட்டது காதில் விழுந்தது. "மிஸ், இதுல ஆதரவுன்னு போட்டிருக்கே. அது கட்சிக்குக் குடுக்கிறதுல்ல?"

இன்னொருத்தி, "ஆதரவு இல்லாட்டா ஹோம்ல போயிச் சேத்துருவாகளா மிஸ்? எனக்கு அப்பா அம்மா எல்லாம் இருக்காக" என்றாள்.

ஆராய்ச்சிப் பெண் திகைத்துப் போய்விட்டாள். பிறகு கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஒத்தாசை' என்று எழுதினாள். வெளியே வந்ததும் என்னிடம், "புஸ்தகத்துல இருந்த சொல்லை அப்படியே வச்சுட்டேன் மேடம். தப்புதான்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது.

காலாண்டு லீவு முடிந்து அவள் மறுபடி வந்தாள். அந்தந்த வகுப்பின் தொகுப்பை அந்தந்த ஆசிரியரிடம் மட்டும் தனியாகக் கொடுத்தாள். எந்தப் பிள்ளை என்ன போட்டது என்று அதில் தெரியாது. வகுப்பு மொத்தத்துக்கும்தான் இருக்கும். நான் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்துதான் பிரித்தேன்.

பாடம் நடத்துவதில் கிட்டத்தட்ட எல்லோரும் 'எப்போதும்'. அடிக்காமல் இருப்பதில், ஒரே மாதிரி நடத்துவதில் எல்லாம் நல்ல மதிப்பு. 'எனக்கு ஒரு கஷ்டம் என்றால் ஆசிரியரிடம் சொல்ல முடியும்' என்கிற வரிக்கு நேரே மட்டும், வகுப்பில் பெரும்பாதிப் பேர் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டிருந்தார்கள்.

ஏதோ தப்பாகக் கூட்டிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ் திருச்சுழி வந்தது. இறங்க வேண்டியது மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர், "டீச்சரம்மா, எடம் வந்துருச்சு" என்று எழுப்பிவிட்டார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் நூற்பாலையில் கணக்குப் பார்க்கிறவர். "பிள்ளைக என்னத்தக் கண்டுச்சுக? வட்டம் போடச் சொன்னா அதுபாட்டுக்குப் போட்டிருக்கும்" என்றார். தலைமையாசிரியர் இன்னும் ஒரு படி மேலே. "டீச்சர், நம்ம ஸ்கூலப் பத்திப் பேசுறது பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டுதான். இதெல்லாம் அந்தப் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்குறதுக்கு. விட்டுத் தள்ளுங்க."

விட்டுத் தள்ள முடியவில்லை. அடுத்த வாரம் வகுப்பிலேயே கேட்டேன். "உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம்னா எங்கிட்டச் சொல்ல மாட்டீகளா?"

"சொல்லுவோம் டீச்சர்!" என்று மொத்த வகுப்பும் பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னது.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். மைக்ராஸ்கோப்பை எடுத்து வைக்கிற, துடைத்துப் பூட்டுகிற வேலையை யாரும் சொல்லாமலே தன் வேலையாக எடுத்துக்கொண்டவள். வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கச் சொன்னால் மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் கண்ணை எடுக்கவே மாட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவளிடம் தனியாகக் கேட்டேன். "நெசத்தச் சொல்லு. நான் என்ன, அவ்வளவு கொடுமைக்காரியா?"

"ஐயோ, அப்பிடியெல்லாம் இல்ல டீச்சர்." கொஞ்சம் தயங்கினாள். "சொல்லணும்னுதான் வருவோம். நீங்க பேக்க மாட்டியிருப்பீக."

எனக்குப் புரியவில்லை.

"பஸ்ஸுக்குப் போகணும்ல டீச்சர். பாவம், அத விட்டா உங்களுக்கு வேற பஸ்ஸு கெடையாது." எனக்காகப் பரிந்து பேசுவது போலத்தான் சொன்னாள். பிறகு ஏதோ விளையாட்டாகச் சொல்கிறவள் மாதிரி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, "பயலுக உங்களுக்குப் பேரே வச்சிருக்கானுக டீச்சர். நாலே கால் டீச்சராம்" என்றாள்.

பள்ளி விட்டதும் ஊர் முக்குக்கு நாலே காலுக்கு ஒரு பஸ் வரும். அதை விட்டால் ஆறரைக்குத்தான். வெளியூரிலிருந்து வருகிற நாங்கள் எல்லோருமே அந்த நாலே காலைப் பிடிக்கிறவர்கள்தான். கடைசிப் பீரியடில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடத்துவேன். மணி அடிக்கும்போது சாக்பீஸ் தூசியைக் கழுவி முடித்திருப்பேன். யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால், "நாளைக்குச் சொல்லும்மா" என்று நடந்துகொண்டே சொல்வேன். மறுநாள் காலையில் அதை அவர்களும் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். இதில் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் பையனுக்கு டியூசன், மாமனாருக்கு ராத்திரிச் சாப்பாடு, எல்லாம் என் தலையில்தான். ஆனால் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் தினமும் ஒரு முதுகுதான்.

மறுநாள் நாலே காலை விட்டுவிட்டேன்.

மற்ற ஆசிரியர்கள் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். நான் பள்ளி வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பரிட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தேன். பிள்ளைகள் கேட்டைத் தாண்டி நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். "ஏலே, டீச்சருக்குப் பஸ்ஸு போயிருச்சுடா" என்று ஒருத்தன் ஓடி வந்து, "எங்க அப்பாவ வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லவா டீச்சர்?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். அன்றைக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். என் கணவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று கேட்பார்; தாள் திருத்துகிறேன் என்பேன்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம்தான் முதல் ஆள் வந்தான். எப்போதும் என் வகுப்பில் தூங்கி வழிகிற ஒன்பதாம் வகுப்புப் பையன். எத்தனையோ தடவை அவனை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். மழைக்கு ஒதுங்குகிறவன் போல வராந்தாவில் ஏறி நின்றான். வெகுநேரம் வேறு என்னவோ பேசினான். கரிமூட்டம் போட்டிருக்கும் இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும் என்று அப்பா திட்டுவார், போக வேண்டும் என்றான். அவன் அப்பா சீமைக்கருவேல விறகை வெட்டி, அடுக்கி, மண் மூடிக் கரி எடுக்கிறவர். எந்த இடத்தில் புகை கூடுதலாக வருகிறதோ அந்த இடத்தை மண் போட்டு அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விறகெல்லாம் சாம்பலாகிவிடும். அப்பாவுக்கு மூச்சிளைப்பு. அதனால் ராத்திரியில் பாதி நேரம் இவன்தான் விழித்திருந்து பார்க்கிறான்.

"இத ஏன்டா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல டீச்சர்" என்றான். கோபமோ வருத்தமோ இல்லாமல், கேள்விக்கு விடை சொல்வது போலச் சொன்னான்.

அவனுக்குப் பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எல்லாம் பெரிய கஷ்டம் என்று சொல்ல முடியாது. ஒருத்திக்குக் கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஒருவனுடைய அப்பா வளைகுடாவில் இருக்கிறார். வீடியோ காலில் வரும்போதெல்லாம் 'நல்லாப் படிக்கியா' என்பதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை, அவருடன் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்றான். சிலர் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எனக்கும் பாதிக்கு மேல் தீர்வு தெரியாது. காதைக் கொடுத்தேன், அவ்வளவே. வகுப்பில் தெரியாத முகங்கள் எல்லாம் அந்த வராந்தாவில் தெரிந்தன. இத்தனை வருஷமாக நான் யாருக்குப் பாடம் எடுத்தேன் என்று சில சாயங்காலங்களில் எனக்கே வியப்பாக இருக்கும்.

மைக்ராஸ்கோப் பெண் எல்லோருக்கும் கடைசியாகத்தான் தன் விஷயத்தைச் சொன்னாள். தை பிறந்திருந்தது. பதினொன்றாம் வகுப்புக்குத் திருச்சுழி மேல்நிலைப் பள்ளிக்குப் போய் சயின்ஸ் குரூப் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஒருமுறை அம்மாவை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கையுறை மாட்டிக்கொண்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்த ஒரு அக்காவைப் பார்த்திருக்கிறாள். "அந்த அக்கா சொன்ன பொறகுதான் டீச்சர் டாக்டரே மாத்திர எழுதுனாரு" என்றாள். ஆனால் தாய்மாமன் பத்தாவது முடிந்ததும் மில்லுக்கு அனுப்பச் சொல்கிறார். மில் வேன் ஊருக்கே வருகிறது, தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு என்கிறார். அப்பா கேரளாவில் லோடு வண்டி ஓட்டுகிறார். மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர். எல்லாவற்றையும் மாமன்தான் முடிவு செய்வார்.

"நீங்க வந்து எங்கம்மாட்டப் பேசுவீகளா டீச்சர்?"

மாசி வெயிலில் ஒரு சனிக்கிழமை போனேன். அவள் அம்மா கண்மாய்க் கரையை ஒட்டிய களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றதும் எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. "இந்தப் பக்கமா வாங்க டீச்சரம்மா, காத்து அங்கிட்டு அடிக்குது" என்று தள்ளி நிற்க வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எனக்கும் இவள மில்லுக்கு அனுப்ப இஷ்டமில்ல டீச்சரம்மா. ஆனா எங்க வீட்டுல ஒருத்தரும் திருச்சுழிப் பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சதில்ல. அங்க என்ன கேப்பாக, எதுல சேக்கணும், நாளைக்கு ஒண்ணுன்னா ஆருகிட்டப் போயி நிக்கணும், ஒண்ணும் தெரியாது. எந்தம்பி கேட்டா என்ன சொல்ல?"

"டீச்சர் சேத்துவிட்டாகன்னு சொல்லுங்க. சேக்குற அன்னைக்கு நானே கூட வாரேன். பொறகும் எதுனாலும் எங்கிட்ட வரட்டும். நான் எங்க போகப்போறேன்?"

அந்த அம்மாள் அப்போதுதான் சிரித்தார். உள்ளே போய் ஒரு சொம்பில் மோர் கொண்டு வந்தார். அந்தப் பெண் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். பரிட்சையில் நல்ல மார்க் வாங்கியபோதுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று அன்றைக்கு உண்மையாகவே நினைத்தேன். அருப்புக்கோட்டைக்கு மாறுதல் கேட்டு வருஷா வருஷம் விண்ணப்பம் போடுவது எங்களுக்கெல்லாம் பழக்கம். கிடைத்ததே இல்லை. அந்த வருஷமும் போட்டிருந்தேன். போட்டது ஞாபகத்தில்கூட இல்லை.

கோடை லீவு தொடங்கிய புதிதில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை கூடுதலாக இருந்ததால் ஆப்பரேசனைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். அந்தக் களேபரத்தில்தான் மாறுதல் கலந்தாய்வு வந்தது. என் பெயருக்கு டவுனுக்குள்ளேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி. வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் அப்படி ஓர் இடம் இனி வராது.

"என்ன யோசன?" என்றார் என் கணவர். "அப்பாவ இனிமே ஆரு பாப்பா? நான் மில்ல விட்டுட்டு ஒக்காரவா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பழைய பள்ளியில் என் சாமான்களை எடுக்கப் போனபோது லீவு. ஆசிரியர் அறையில் என் டம்ளர், குடை, இரண்டு புத்தகம். பிள்ளைகள் ஒருவரும் இல்லை. தலைமையாசிரியர், "குடுத்து வச்சவுக டீச்சர் நீங்க" என்று கை குலுக்காத குறையாக வழியனுப்பினார். ஒன்பதாம் வகுப்பு முடித்து லீவில் போயிருந்த பிள்ளைகளுக்கு, ஜூன் மாதம் வந்து பார்க்கும்போதுதான் தெரிந்திருக்கும்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. அந்தப் பெண் அறிவியலில் பள்ளியிலேயே முதல். சில நாள் கழித்து அவளிடமிருந்து போன். நான் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"டீச்சர், நாளைக்கு திருச்சுழியில சேக்குறாகளாம். வாரீகளா?"

"நாளைக்குத்தாம்மா எங்க மாமனாருக்கு ஆப்பரேசன். திங்கக்கெழமை வந்துர்றேன். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராது. பொறுத்துக்கோ."

"சரி டீச்சர்." வைப்பதற்கு முன்னால், "தாத்தா நல்லாயிருவாக டீச்சர். கவலப்படாதீக" என்றாள்.

திங்கட்கிழமை புதுப் பள்ளியில் நான் பணியில் சேர்ந்தாக வேண்டிய நாளாகிவிட்டது. மாமனாரை வார்டுக்கு மாற்றி, ஆள் ஏற்பாடு செய்து, ஒரு அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் திருச்சுழிக்குப் போனபோது அந்த வாரமே முடியப்போகிற நேரமாகிவிட்டது. பள்ளியில் சேர்க்கை முடிந்திருந்தது. அவளும் அவள் அம்மாவும் நான் சொன்ன திங்கட்கிழமையே வந்திருக்கிறார்கள். காலையிலிருந்து எனக்காகப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் கேட்டுக்கேட்டு வந்து வரிசையில் நின்றார்கள் என்று அங்கிருந்த ஆசிரியை சொன்னார். அவர்கள் முறை வரும்போது சயின்ஸ் குரூப்பில் இடம் முடிந்துவிட்டது. அக்கவுண்ட்ஸில் இருக்கிறது, சேர்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா உடனே சரி என்றுவிட்டார்.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தாலோ, கூட ஒரு ஆள் வந்து பேசியிருந்தாலோ பாத்திருக்கலாம் டீச்சர். மார்க் அப்பிடி" என்றார் அந்த ஆசிரியை. யாராவது விலகினால் மாற்றிவிடுவதாகவும் சொன்னார். யாரும் விலகவில்லை.

அங்கிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா மட்டும்தான் இருந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்துப் போனேன். அவர் நாற்காலியை எடுத்துப் போட்டு, மாமனாரைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். "எதுலயாச்சும் சேத்துவிட்டாத்தான் எந்தம்பி வாயடைக்கும்னு சேத்துட்டேன் டீச்சரம்மா. ஏதோ ஒரு படிப்பு. மில்லுக்குப் போகாம இருக்கால்ல." அவர் செய்தது சரி. நான் இருந்திருந்தால்கூட அந்த நிமிஷத்தில் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நான் இருந்திருந்தால் அந்த நிமிஷம் வந்திருக்காதே என்பதுதான் அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போனவள் வெகுநேரமாகியும் வரவில்லை. நான் வந்திருப்பது தெரிந்துதான் வராமல் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் அம்மாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து, ஆராய்ச்சிப் பெண் எனக்குப் போன் செய்தாள். அதே பள்ளியில் இரண்டாம் முறையாக எடுத்திருக்கிறாள். நான் ஒன்பதாம் வகுப்பில் நடத்திய பிள்ளைகள் இப்போது பத்தாம் வகுப்பு. எனக்குப் பதிலாக ஒரு இளம் ஆசிரியர் வந்திருந்தார். நன்றாகவே நடத்துகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மேடம், மத்ததெல்லாம் போன தடவை மாதிரியேதான் இருக்கு. அந்த ஒரு வரி மட்டும், கஷ்டம்னா சொல்ல முடியுமான்னு கேக்குறது, ரொம்பக் கீழ போயிருச்சு. போன தடவையே கம்மி. இப்ப அதவிட மோசம். அங்க இருக்குறவங்களுக்குக் காரணம் தெரியல. நீங்க இருந்தப்ப ஏதாவது நடந்துச்சா?"

வராந்தாவைப் பற்றிச் சொன்னேன். மழையில் வந்த பையனைப் பற்றிச் சொன்னேன். போன தடவை அவள் கொடுத்த தொகுப்பைப் படித்துவிட்டுத்தான் அப்படி உட்கார்ந்தேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப ஏறியிருக்கணுமே மேடம்?"

"ஏறித்தாம்மா இருக்கும். நடுவுல நீ வந்து எடுத்திருந்தா."

"நான் பங்குனியில ஒரு தடவை எடுக்கிறதா இருந்தேன். பரிட்சை நேரம்னு ஹெச்.எம். வேண்டாம்னுட்டார்" என்றாள். பிறகு, "இத நான் எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஒருமுறை திறந்துவிட்டு மூடிய கதவுக்கு, திறக்காமலே இருந்த கதவைவிட வலு அதிகம் போலிருக்கிறது. அவளிடம் அன்றைக்கு இப்படியெல்லாம் சொல்ல வரவில்லை. மாமனார் கூப்பிட்டார், வைத்துவிட்டேன்.

புதுப் பள்ளி நல்ல பள்ளிதான். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். மணி அடித்தால் பிள்ளைகளுக்கு டியூசனுக்கு ஓட வேண்டும்; பெற்றோர்கள் பைக்கில் வாசலில் நிற்பார்கள். சாயங்காலம் எவ்வளவு நேரம் இருந்தாலும் தேடி வர ஆள் இல்லை. மாமனார் இரண்டு வருஷம் படுக்கையில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன்; அதில் எனக்கு மனக்குறை இல்லை. பழைய ஊர்ப் பக்கம் போக வேண்டும் என்று நினைப்பேன். போய் என்ன சொல்வது என்று நினைத்து நின்றுவிடுவேன். கரிமூட்டத்துப் பையன் பத்தாவது எழுதவில்லை என்று யாரோ சொன்னார்கள். எழுதித் தேறிவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். எது உண்மை என்று நான் விசாரிக்கவில்லை.

போன வருஷம் பாளையம்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் என் கணவருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க நின்றேன். பில் போடும் இடத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த பெண் சீட்டை வாங்கிப் படித்தாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள்தான்.

"நல்லாயிருக்கீங்களா மேடம்?"

டவுனுக்கு வந்தால் எல்லோரும் டீச்சரை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் அது காதில் இடறியது. நல்லாயிருக்கேன், நீ எப்படி இருக்கே, அம்மா எப்படி என்றேன். அம்மா நல்லா இருக்காங்க, பி.காம் முடிச்சேன், கம்ப்யூட்டர்ல கணக்குப் போட டேலியும் படிச்சேன், இங்க சேந்து கொஞ்ச நாளாச்சு என்றாள். பேசிக்கொண்டே மாத்திரைப் பெயரைத் தட்டினாள். வேகமான கை. கடைக்காரர் அவளிடம் ஏதோ சந்தேகம் கேட்டார். திரும்பாமலே பதில் சொன்னாள். ஊர்ப் பேச்சு கொஞ்சமும் இல்லை.

"லேப் வேலைக்குப் போகணும்னு சொல்லுவியே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதெல்லாம் அப்ப மேடம்." சிரித்தாள். ஒருவர் மனம் நோகாமல் இருக்கச் சிரிக்கிற சிரிப்பு.

"அன்னைக்கு நான் வந்திருந்தேன்னா…"

"உங்க வீட்டுலயும் அப்ப கஷ்டம்ல மேடம். எங்கம்மா இன்னும் உங்கள நல்லபடியாத்தான் சொல்லுவாங்க."

அம்மா சொல்வார் என்றாள். தான் சொல்வதாக அவள் சொல்லவில்லை. மாத்திரையை உறையில் போட்டு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பேனாவால் எழுதிக் கொடுத்தாள். எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். நான் உறையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். இன்னும் ஏதோ ஒன்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் தோளுக்கு மேலே பார்த்து, மெல்ல, மரியாதையாக, "பின்னாடி ஆளு நிக்கிறாங்க மேடம்" என்றாள்.

கைக்குழந்தையோடு ஒரு அம்மாள் நின்றிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் போல, துவண்டு கிடந்தது. நான் நகர்ந்து அவருக்கு வழி விட்டேன்.